கோட்டோடு நின்றுவிட்ட கண்: ஒரு மாணவி, இருபது வாக்கியம்

"சொல்வளம் போதாது, அதனால்தான் மார்க் குறைகிறது" என்று சொல்லித்தான் அந்தப் பெண்ணை என்னிடம் அனுப்பினார்கள். எட்டாம் வகுப்பு. கதைப் புத்தகம் படிக்கிறவள், பேச்சிலும் திக்கல் திணறல் இல்லை. ஆனால் 'பொருத்தமான சொல்லைத் தேர்ந்தெடுத்துக் கோடிட்ட இடத்தை நிரப்புக' என்று வந்துவிட்டால் மட்டும் பாதிக்கு மேல் தப்பு.

முதல் நாள் இருபது வாக்கியம் கொடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் மூன்று ஆப்ஷன். ஒன்பது சரி, பதினொன்று தப்பு. கண்ணை மூடிக்கொண்டு குறித்திருந்தாலே ஆறோ ஏழோ சரியாக வந்திருக்கும் என்பதால், அந்த ஒன்பதைப் பார்த்து நான் மகிழவில்லை.

மறுநாள் வேறு மாதிரி கேட்டுப் பார்த்தேன். அதே இருபது வாக்கியங்களுக்கும் சரியான விடைகளை மட்டும் தனித்தாளில் எழுதி, "ஒவ்வொரு சொல்லையும் வைத்து நீயே ஒரு வாக்கியம் சொல்" என்றேன். பதினேழு சொற்களைத் தடுமாறாமல் சரியாகப் பயன்படுத்தினாள். 'பெருமிதம்' என்ற சொல்லுக்கு அவள் சொன்ன வாக்கியம், நான் தேர்வில் வைத்திருந்ததைவிட நன்றாக இருந்தது. முந்தின நாள் அதே சொல்லைத்தான் விட்டுவிட்டு வேறொன்றைக் குறித்திருந்தாள்.

ஆக, சொல் தெரியாதது பிரச்சினை இல்லை. தெரிந்த சொல்லை உரிய இடத்தில் வைக்க முடியவில்லை. சொற்பட்டியல் ஒன்றைக் கையில் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லியிருந்தால் ஒரு மாதம் வீணாகியிருக்கும்.

பென்சில் எங்கே நிற்கிறது

மூன்றாம் நாள், தப்பான வாக்கியங்களை வாய்விட்டுப் படித்தபடியே நிரப்பச் சொன்னேன். முதல் வாக்கியம் இது:

'தன் மாணவன் தன்னையே மிஞ்சிவிட்டதைக் கண்ட ஆசிரியர் முகத்தில் ______ தெரிந்தது. அவன் தோளைத் தட்டி வாழ்த்தினார்.' (பெருமிதம், பொறாமை, செருக்கு)

கோடு வரை படித்தாள். பென்சில் நேராக 'பொறாமை'க்குப் போனது.

"ஏம்மா பொறாமை?"

"மாணவன் மிஞ்சிட்டான்ல, டீச்சர்?"

"மீதியையும் படி."

படித்தாள். தோளைத் தட்டி வாழ்த்தினார் என்ற இடத்தில் குரல் இறங்கியது. "ஓ... இன்னும் இருக்கா?" என்றாள்.

எனக்கு அந்த ஒரு கேள்வி போதும். கோடு வந்ததும் அவளுக்கு வாக்கியம் முடிந்துவிடுகிறது. அதற்கு அப்புறம் இருப்பதெல்லாம் ஏற்கெனவே எழுதிய விடையை ஒட்டி ஓடும் வால்.

தமிழில் இந்தப் பழக்கத்துக்குக் கொடுக்கும் விலை அதிகம். நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. யார், எதை, எப்போது, ஏன் என்று எல்லாம் வரிசையாக வந்து, கடைசிச் சொல்தான் 'இப்படி ஆயிற்று' என்று முடிச்சுப் போடுகிறது. கோடு பெரும்பாலும் அந்த முடிச்சுக்கு முன்னால்தான் விழுகிறது. கோட்டோடு நின்றுவிடுகிறவர் விடையைச் சொல்லிக்கொடுக்கும் சொல்லைப் பார்க்காமலேயே விடை எழுதுகிறார்.

இரண்டாவது வாக்கியத்தில் இது இன்னும் பச்சையாகத் தெரிந்தது:

'தலைவரின் ______ இணங்கிப் போராட்டத்தைக் கைவிட்டனர்.' (எச்சரிக்கைக்கு, வேண்டுகோளுக்கு, மிரட்டலுக்கு)

அவள் குறித்தது எச்சரிக்கைக்கு. போராட்டம் என்ற சொல் கண்ணில் பட்டதுமே எச்சரிக்கை, மிரட்டல் என்றுதான் மனம் போகிறது. அந்த வாசனைக்குப் பின்னாலேயே போய்விட்டாள். கோட்டுக்கு அடுத்தே நிற்கும் 'இணங்கி'யை அவள் ஒரு சாட்சியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. எச்சரிக்கைக்கு அஞ்சுவோம், மிரட்டலுக்குப் பணிவோம், அறிவுரையை ஏற்போம், வேண்டுகோளுக்கு இணங்குவோம். இதற்கு எந்த இலக்கண விதியும் கிடையாது. சொற்கள் பழகிப்பழகி அமைத்துக்கொண்ட ஜோடி. (ஆணைக்கிணங்க என்றும் எழுதுகிறோம். நான்காவது ஆப்ஷனாக 'ஆணைக்கு' என்று நான் வைத்திருந்தால் கேள்வியே கெட்டிருக்கும். கேள்வி தயாரிக்கிறவர்கள் இதில் அடிக்கடி வழுக்குகிறோம்.)

பதினொரு தப்பையும் பிரித்துப் பார்த்தேன். ஆறில், விடையைத் தீர்மானிக்கும் குறிப்பு கோட்டுக்குப் பின்னால் இருந்தது. மூன்றில், 'ஆனாலும்', 'மட்டும்', 'கூட' போன்ற சின்னச் சொல்லைத் தாண்டிக் குதித்திருந்தாள். மிச்சம் இரண்டில் தப்பு என்னுடையது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

சின்னச் சொல் செய்த வேலை

அந்த மூன்றில் ஒன்றைப் பிரித்துக் காட்ட வேண்டும், ஏனென்றால் அவள் சொன்ன காரணம் முட்டாள்தனமானது இல்லை.

'அவர் சொன்ன காரணத்தை யாரும் ______; ஆனாலும் எதிர்த்துப் பேசத் துணியவில்லை.' (நம்பவில்லை, மறுக்கவில்லை, மறக்கவில்லை)

அவள் விடை, மறுக்கவில்லை. "பேசவே துணியலைன்னா மறுக்கலைன்னுதானே அர்த்தம்?" என்றாள். நியாயம்தான். இரண்டாம் பாதியை இந்த முறை படித்திருக்கிறாள், அதோடு பொருந்தும் சொல்லையும் எடுத்திருக்கிறாள். ஆனால் இரண்டு பாதியையும் சேர்த்திருக்கும் 'ஆனாலும்' அவள் கண்ணுக்கு வெறும் இடைவெளி. ஆனாலும் என்றால் முதல் பாதி ஒரு பக்கம் இழுக்க, இரண்டாம் பாதி எதிர்ப்பக்கம் போக வேண்டும். நம்பாதவர்கள் எதிர்த்துப் பேசுவார்கள் என்று நாம் எதிர்பார்க்கிறோம், பேசவில்லை. அந்த ஏமாற்றத்தைத் தாங்கத்தான் அங்கே ஆனாலும் நிற்கிறது. மறுக்காதவர்கள் எதிர்த்துப் பேசாததில் என்ன ஆச்சரியம்?

'ஆனாலும்' என்பதை அடித்துவிட்டு 'ஏனென்றால்' என்று எழுதிக் காட்டினேன். "இப்போ?" கொஞ்சம் யோசித்து, "இப்போ என் விடைதான் சரி" என்றாள். ஆமாம். ஒரு சொல் மாறியதும் சரியான விடையும் மாறிவிட்டது. அன்று அவளுக்குப் புரிந்ததைவிட அதிகமாக நான் அந்த வாரம் முழுக்க எதையும் புரியவைக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

இதே ரகம்: 'மழை பொய்த்து ஏரி ______, கரையில் நின்ற மரங்கள் மட்டும் பச்சையாகவே இருந்தன.' வற்றியதால் என்று எழுதியிருந்தாள். மழை இல்லை, அதனால் வற்றியது, சரிதானே என்று பார்த்தால் சரிதான். 'மட்டும்', 'பச்சையாகவே'யில் ஒட்டியிருக்கும் அந்த ஏகாரம், இவை இரண்டும்தான் வற்றினாலும் என்று கேட்கின்றன.

பலிக்காத வைத்தியம்

முதலில் நான் செய்தது எல்லாப் பாடக்குறிப்புகளிலும் இருப்பதைத்தான். விளக்கக் குறிப்பு, இணைச்சொல் குறிப்பு, எதிர்ச்சொல் குறிப்பு, எடுத்துக்காட்டுக் குறிப்பு, காரண-காரியக் குறிப்பு என்று ஓர் அட்டவணை போட்டுக் கொடுத்தேன். நான்கு நாளில் அவள் அதில் புலியாகிவிட்டாள். எந்த வாக்கியத்தைக் காட்டினாலும் 'இது எதிர்ச்சொல் குறிப்பு' என்று பெயர் சொல்வாள், அப்புறம் தப்பான விடையைக் குறிப்பாள். குறிப்பின் பெயரைத் தெரிந்துகொள்வதும் குறிப்பைப் பயன்படுத்துவதும் வேறுவேறு வேலை. அட்டவணையை மூடி வைத்தேன்.

அப்புறம்தான் தொல்காப்பியம் நினைவுக்கு வந்தது. சொல்லதிகாரத்தில், ஒரே சொல்லுக்குப் பல பொருள் இருக்கும்போது இந்த இடத்தில் எது என்று எப்படித் தெரிந்துகொள்வது என்ற கேள்விக்கு, 'வேறுபடு வினையினும் இனத்தினும் சார்பினும் தேறத் தோன்றும்' என்று ஓர் அடி வருகிறது. வினை, இனம், சார்பு. உரைகளில் இதற்குக் காட்டும் சொல் 'மா'. மா பூத்தது என்றால் வினையே மரம் என்று சொல்லிவிடுகிறது. மாவும் மருதும் ஓங்கின என்றால் பக்கத்தில் நிற்கும் மருதமரம் இனம் காட்டுகிறது. கவசம் அணிந்து நிற்கிறவன் மாவைக் கொண்டுவா என்றால் அவன் கேட்பது குதிரை. அது சார்பு, அதாவது சொல்லப்படும் சூழ்நிலை.

தொல்காப்பியர் பேசுவதும் கோடிட்ட இடமும் ஒன்றில்லை, உண்மைதான். அங்கே சொல் இருக்கிறது, பொருளைத் தேடுகிறோம். இங்கே பொருள் இருக்கிறது, சொல்லைத் தேடுகிறோம். ஆனால் பார்க்க வேண்டிய இடங்கள் அதேதான். அதைவிட எனக்குப் பிடித்தது அந்த வரிசை. வினை முதலில்.

பயிற்சிக்கு முதலில் 'திங்கள்' என்ற சொல்லை எடுத்தேன். திங்கள் எழுந்தது. ஆறு திங்கள் கழிந்தன. திங்களன்று தேர்வு. மூன்றையும் படித்ததும் நிலவு, மாதம், கிழமை என்று சரியாகச் சொன்னாள். எப்படித் தெரிந்தது என்று கேட்டால் "தெரியுது டீச்சர், அவ்வளவுதான்" என்றாள். விடவில்லை. எந்தச் சொல் சொல்லிக்கொடுத்தது என்று விரல் வைக்கச் சொன்னேன். முதல் வாக்கியத்தில் 'எழுந்தது' மேல் விரல் போனது. இரண்டாவதில் 'ஆறு' மேல் வைத்தாள், ஒரு கணம் கழித்துக் 'கழிந்தன' மேலும் வைத்தாள். பேசும்போது அனாயாசமாகச் செய்கிற ஒன்றைத் தாளின் முன்னால் செய்யாமல் விட்டிருக்கிறாள் என்பது அப்போதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தது.

அதற்குப் பிறகு ஒரே முறைதான். ஆப்ஷன்களைத் தாளால் மறைத்துவிடுவோம். வாக்கியத்தைக் கடைசிவரை, அடுத்த வாக்கியம் இருந்தால் அதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். வினை மேல் விரல் வைத்து அங்கிருந்து பின்னோக்கிக் கோட்டுக்கு வர வேண்டும். கோட்டில் எந்தச் சொல் வந்தால் தேவலாம் என்று சொந்தமாக ஒன்று சொல்ல வேண்டும். கொச்சையாக இருந்தாலும் பரவாயில்லை. அதற்கப்புறம்தான் தாளை எடுப்போம்.

ஆப்ஷனை மறைப்பது சின்ன விஷயம் போலத் தோன்றும். ஆனால் மூன்று சொற்களும் கண்முன் இருக்கும்போது, வாக்கியம் என்ன கேட்கிறது என்பதை விட்டுவிட்டு, இந்த மூன்றில் எது நன்றாக ஒலிக்கிறது என்றுதான் மனம் பார்க்கிறது. மறைத்தவுடன் அவள் படிக்கும் வேகம் பாதியாகக் குறைந்தது. நான் அவசரப்படுத்தவில்லை.

இன்னொன்றும் சேர்த்தேன்: சரியான விடைக்குக் காரணம் சொல்ல வேண்டாம், மற்ற இரண்டும் ஏன் ஆகாது என்று சொல். இதில்தான் நுட்பம் வந்தது. பெருமிதம் சரி, அப்படியானால் செருக்கு ஏன் ஆகாது? அதுவும் பெருமையைத்தானே சொல்கிறது? "செருக்கு தன்னைப் பத்தி. இவர் பெருமைப்படறது மாணவனைப் பத்தி" என்றாள். கொஞ்சம் கழித்து, "செருக்கு இருந்தா தோளைத் தட்ட மாட்டார்" என்றாள்.

என் தப்பு இரண்டு

இனி அந்த மிச்சம் இரண்டு. ஒன்று இது: 'அந்தச் செய்தியைக் கேட்டு அவன் ______ அடைந்தான்.' (மகிழ்ச்சி, அதிர்ச்சி, ஏமாற்றம்)

விடைக்குறிப்பில் 'அதிர்ச்சி' என்று நான் எழுதி வைத்திருந்தேன். ஏன் என்று இப்போது எனக்கே தெரியவில்லை. மூன்று சொல்லும் 'அடைந்தான்' என்ற வினையோடு ஜோராகப் போகும். செய்தி நல்லதா கெட்டதா என்று வாக்கியம் மூச்சு விடவில்லை. வினையை மாற்றி '______ப்பட்டான்' என்று முடித்து, ஆப்ஷனில் பொறாமையை வைத்திருந்தாலாவது விடைக்கு ஓர் ஆதாரம் இருந்திருக்கும்: மகிழ்ச்சியும் அதிர்ச்சியும் அடைவோம், பொறாமைதான் படுவோம். இருபதில் இப்படி மூன்று வாக்கியம் இருந்தது. ஒன்றில் அதிர்ஷ்டம் அடித்து அவளுக்கு மார்க் கிடைத்திருந்தது, இரண்டில் போயிற்று.

சொற்களை எடுத்துவிட்டு நிரப்பச் சொல்லும் சோதனைக்கு 1953-இல் முறையான வடிவம் கொடுத்தவர் வில்சன் டெய்லர். அவர் அதை அளவுகோலாகக் கொண்டுவந்தது வாசகரை அளக்க அல்ல. ஒரு பனுவல் படிக்க எவ்வளவு எளிது என்பதை அளக்க. நிரப்ப முடியவில்லை என்றால் குறை பனுவலிலும் இருக்கலாம் என்ற எண்ணம் ஆரம்பத்திலேயே அதற்குள் இருந்தது. வகுப்பறைக்கு வந்த பிறகு குறை முழுவதும் மாணவர் தலையில் விழுந்துவிட்டது. 1983-இல் வாசிப்பு ஆய்வாளர் இசபெல் பெக்கும் அவரோடு பணியாற்றியவர்களும் இன்னும் வெளிப்படையாகச் சொன்னார்கள்: எல்லாச் சூழலும் ஒன்றல்ல. சில சூழல் சொல்லின் பொருளை நேராகக் காட்டும், சில ஓரளவு காட்டும், சில ஒன்றுமே காட்டாது, சில தப்பான பக்கம் கையைக் காட்டும்.

இந்தக் கடைசி வகைதான் மூன்றாவது வாரம் எங்களைப் பதம் பார்த்தது.

எங்கு பார்த்தாலும் தடயம்

குறிப்பைத் தேடப் பழகியவள் கொஞ்ச நாளில் துப்பறிவாளர் ஆகிவிட்டாள். வாக்கியத்தில் பாதிச் சொல்லுக்கு அடிக்கோடு. இந்தப் பத்தியைக் கொடுத்தேன்:

'நள்ளிரவில் கதவு தட்டும் சத்தம். அவள் மெல்ல எழுந்து, நடுங்கும் கையால் தாழ்ப்பாளைத் திறந்தாள். வாசலில் நின்றவனைப் பார்த்ததும் அவள் முகம் ______. பத்து வருடம் கழித்து அண்ணன் வந்திருந்தான்.' (மலர்ந்தது, வெளிறியது, சுருங்கியது)

நள்ளிரவு, தட்டும் சத்தம், நடுங்கும். மூன்றுக்கும் அடிக்கோடு போட்டு, வெளிறியது என்று எழுதி, "மூணு தடயம் இருக்கு டீச்சர்" என்றாள். கடைசி வாக்கியத்தைப் படித்திருந்தாள்; ஆனால் அது ஒன்றுதான், இந்தப் பக்கம் மூன்று. ஓட்டு எண்ணுகிற மாதிரி எண்ணிவிட்டாள்.

குறிப்புகளை எண்ணக்கூடாது, எது எதற்குக் காரணம் என்று பார்க்க வேண்டும் என்று பேசினோம். நடுக்கம் கதவைத் திறப்பதற்கு முன்னால் இருந்தது. முகம் மாறியது பார்த்த பிறகு. பார்த்தது யாரை என்பதைச் சொல்வது கடைசி வாக்கியம் மட்டுமே. ஒரு கதை நம்மை வேண்டுமென்றே பயமுறுத்திவிட்டுக் கதவைத் திறக்கும். அங்கே முந்தைய தடயமெல்லாம் வாசகரை ஏமாற்ற வைத்தவை. ஒப்புக்கொண்டாள், அரை மனசோடு.

வெளியே கொண்டுபோனபோது

தாளில் நிரப்புவது ஒரு பக்கம். படிக்கும்போது தெரியாத சொல் வந்தால் இதே முறை உதவுமா? ஒரு பத்தியில் அவளுக்குத் தெரியாத சொல்லை வைத்துக் கொடுத்தேன்: 'எதிர்வீட்டுத் தோட்டம் பூத்துக் குலுங்கியதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு உள்ளூர அசூயை. வெளியே மட்டும் ஆகா ஓகோ என்று பாராட்டுவார்.' அசூயை என்ற சொல்லை அதுவரை கேட்டதில்லை. 'உள்ளூர'வையும் 'வெளியே மட்டும்' என்பதையும் சேர்த்துப் பார்த்து, பொறாமை என்று சொல்லிவிட்டாள்.

ஒரு வாரம் கழித்து அசூயை என்றால் என்ன என்று கேட்டேன். மறந்துபோயிருந்தது. தோட்டம் நினைவிருந்தது, சொல் நினைவில்லை. இதில் எனக்கு வியப்பில்லை. ஸ்வான்பார்ன், டி குளோப்பர் இருவரும் பல ஆய்வுகளைத் தொகுத்து 1999-இல் வெளியிட்ட கணக்கின்படி, சாதாரணமாகப் படித்துக்கொண்டு போகும்போது எதிர்ப்படும் தெரியாத சொற்களில் நூற்றுக்குச் சுமார் 15-தான் மனதில் தங்குகிறது. அந்த இடத்தில் பொருளை ஊகிப்பது ஒரு திறன். சொல் நம்முடையதாவதற்கு அதைப் பல இடங்களில் மறுபடி மறுபடி சந்திக்க வேண்டும்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. சுற்றியுள்ள சொற்கள் தெரிந்திருந்தால்தானே அவற்றை வைத்து ஒன்றை ஊகிக்க முடியும்? ஆங்கிலம் கற்பவர்களிடம் 2000-இல் ஹூ, நேஷன் இருவரும் செய்த ஆய்வில், உதவியில்லாமல் ஒரு கதையைப் புரிந்துகொள்ள அதிலுள்ள சொற்களில் சுமார் 98 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும் என்று வந்தது. ஐம்பது சொல்லுக்கு ஒன்று மட்டும் புதிதாக இருக்கலாம் என்று அர்த்தம். உருபும் விகுதியும் ஒட்டிக்கொண்டே வளரும் தமிழ்ச் சொல்லுக்கு அந்தக் கணக்கை அப்படியே பொருத்த முடியாது. ஆனால் ஒரே வாக்கியத்தில் மூன்று தெரியாத சொல்லை வைத்துவிட்டு 'சூழலைப் பார்த்துப் பொருள் சொல்' என்று கேட்பது அநியாயம் என்பதற்கு இது போதும். என் மாணவிக்கு இது பலித்ததற்குக் காரணமே அவளுக்கு மற்ற சொற்கள் தெரிந்திருந்ததுதான். உண்மையிலேயே சொல்வளம் குறைந்த பிள்ளையிடம் இதே வைத்தியத்தைப் பார்த்தால் நேரம்தான் போகும்.

கடைசித் தாள்

நான்காவது வாரக் கடைசியில் புதிதாக இருபது வாக்கியம். பதினாறு சரி. முதல் தாளும் இந்தத் தாளும் நான் தயாரித்தவை, இரண்டும் ஒரே கடினம் என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை, மாணவியும் ஒருத்திதான். அதனால் ஒன்பதுக்கும் பதினாறுக்கும் நடுவிலுள்ள ஏழைப் பெரிதாகப் பேச எனக்கு விருப்பமில்லை. தாள் இருந்த விதத்தைத்தான் சொல்வேன். முதல் தாளில் கோட்டுக்கு மேலே விடை மட்டும்தான் இருந்தது. இந்தத் தாளில் ஏறக்குறைய எல்லா வாக்கியத்திலும் கடைசி வினைக்குக் கீழே சின்னதாக ஒரு புள்ளி. விரல் வைத்த பழக்கம் பென்சிலுக்கு வந்திருந்தது.

தப்பான நான்கில் ஒன்றில் விடையே எழுதவில்லை. நான் வேண்டுமென்றே குறிப்பே இல்லாத ஒரு வாக்கியத்தை நுழைத்திருந்தேன்; அதற்குப் பக்கத்தில் 'மூணும் வரும்' என்று எழுதியிருந்தாள். விடைக்குறிப்பின்படி மார்க் இல்லை. நான் போட்டேன். பதினாறில் அது சேரவில்லை.

அப்புறம், வெளிறியதா மலர்ந்ததா என்று தகராறு செய்த அந்த அண்ணன் பத்தியையும் மாற்றாமல் திரும்ப வைத்திருந்தேன். 'மலர்ந்தது' என்று சரியாகக் குறித்திருந்தாள். அதற்குக் கீழே, ஓரத்தில், பொடி எழுத்தில் ஒரு வரி: 'ஆனா அண்ணன் ஏன் போனான்னு சொல்லலை.'

பத்தியை நானும் மறுபடி படித்துப் பார்த்தேன். சொல்லத்தான் இல்லை. சண்டை போட்டுக்கொண்டு போயிருந்தால்? அந்த வாக்கியத்தை அடுத்த தாளுக்கு எடுத்து வைத்திருக்கிறேன், 'அவள் தினமும் வழி பார்த்துக் காத்திருந்த' என்று அண்ணனுக்கு முன்னால் ஐந்து சொல் சேர்த்து.